நோக்கம் என்ற தலைப்பின் கீழ்

எங்கள் ஊழியர் சங்கத் தேர்தலை இயந்திரத்துக்கு மாற்றலாம் என்று முடிவானதும், திட்ட வரைவு எழுதும் பொறுப்பை என்னிடம் தந்தார்கள். நான் வங்கியின் கணினிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். முதல் கூட்டத்தில் ஆளுக்கொன்று கேட்டார்கள்: கைப்பேசியிலேயே வாக்களிக்க வேண்டும், ஐந்து நிமிடத்தில் முடிவு வர வேண்டும், காகிதமே கூடாது. ‘நோக்கம்’ என்ற தலைப்பின் கீழ் ‘விரைவான முடிவு’ என்று எழுதியதும் என் பேனா நின்றுவிட்டது.

2019 மக்களவைத் தேர்தலில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் பணியாற்றினேன். விடியற்காலையில் மாதிரி வாக்குப்பதிவு. குறைந்தது 50 வாக்குகள் பதிந்து, இயந்திரக் கணக்கையும் விவிபாட் சீட்டுகளையும் (ஒவ்வொரு வாக்கும் யாருக்குப் பதிந்தது என்று அச்சாகும் காகிதச் சீட்டுகள்) வேட்பாளர்களின் முகவர்கள் எதிரில் ஒப்பிட்டுக் காட்டி, அந்த வாக்குகளை அழித்த பிறகுதான் உண்மையான வாக்குப்பதிவு. முகவர்களில் ஒரு பெரியவர் பள்ளி நோட்டில் நாள் முழுக்கக் கோடு போட்டுக்கொண்டே இருந்தார். ஐந்தாவது கோடு குறுக்கே. மாலையில் வாக்குப்பதிவை முடிக்கும் ‘க்ளோஸ்’ பொத்தானை அழுத்தினேன். திரையில் தெரிந்த மொத்தத்தை அவர் வாய்விட்டுப் படித்தார். கோடுகளை மறுபடியும் எண்ணினார். “சரியாக இருக்கிறதம்மா” என்றார். பதிவான வாக்குகளின் கணக்கைக் காட்டும் 17சி படிவத்தின் நகலை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவருக்கு மென்பொருள் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய தேவையும் இல்லை.

ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2009-இல் வாக்கு இயந்திர வழக்கில் வலியுறுத்தியதும் இதைத்தான்: தொழில்நுட்ப அறிவு இல்லாத குடிமக்களும் தேர்தலின் முக்கியக் கட்டங்களைச் சரிபார்க்க முடிய வேண்டும்.

அன்றிரவே வரியை மாற்றினேன்: ‘தோற்றவரின் முகவர் தம் கையால் சரிபார்க்கக்கூடிய எண்ணிக்கை.’ காகிதச் சீட்டு உள்ளே வந்தது. கைப்பேசி வாக்கைத் திட்டத்தின் எல்லைக்கு வெளியே வைத்தேன். வாக்களிப்பவரின் தோளுக்குப் பின்னால் மேலாளர் நிற்கிறாரா என்று எந்த மென்பொருளுக்கும் தெரியாது. கைப்பேசி வாக்குக்காகவே உழைத்திருந்த இளம் சகாவின் முகம் வாடியது. எனக்கும் வருத்தம்தான், ஆனால் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

அதே சகாதான் அடுத்த கூட்டத்தில் கேட்டார்: “பன்னிரண்டு பேர் மட்டுமே உள்ள கிளையில் தனியாக எண்ணினால் யார் யாருக்குப் போட்டார்கள் என்று தெரிந்துவிடாதா?” நான் யோசிக்காத கேள்வி. இதே கவலையால்தான், பல சாவடிகளின் வாக்குகளைச் சேர்த்து எண்ணும் ‘டோட்டலைசர்’ கருவியை 2008-இல் தேர்தல் ஆணையம் முன்மொழிந்தது. சிறிய கிளைகளின் சீட்டுகளை வட்டார அலுவலகத்தில் ஒரே பெட்டியில் கலந்து எண்ணுவது என்று வரைவில் சேர்த்தோம். அந்தப் பத்தியை அவரே எழுதினார்.