எம்பரர் ஏஞ்சல் வளர்ப்பு: தொட்டி நாட்குறிப்பு

மார்ச் 4, 2023

எம்பரர் ஏஞ்சல் என்ற கடல்மீன் இன்று வந்து சேர்ந்தது. 7 சென்டிமீட்டர்தான் இருக்கும். கருநீல உடலில் வெண் வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுழலும் இளம்பருவக் கோலம். ஏஞ்சல் மீன்களுக்குச் செவுள் மூடியின் கீழே பின்னோக்கி நீளும் ஒரு முள் உண்டு. அது வலையில் சிக்கினால் மீன் காயப்படும் என்பதால், பிளாஸ்டிக் பெட்டியில் நீரோடு முகந்தே, புது மீனை நோய்க்காகத் தனியே வைத்துக் கண்காணிக்கும் தனிமைத் தொட்டிக்கு மாற்றினேன். இரவு முழுவதும் விளக்கைப் போடவில்லை.

மார்ச் 7

மூன்று நாட்களாக எதையும் தொடவில்லை. இறால் துண்டுகள் வாய்க்கு நேரே மிதந்து சென்றாலும், ஒரு முறை பார்த்துவிட்டு, ஒளிந்துகொள்ள வைத்த குழாய்க்குள் திரும்பிவிடுகிறது. கடலில் பாறையில் ஒட்டி வளரும் கடற்பஞ்சுகளைக் கொறித்து வாழும் இனம் இது. மிதந்து வருவதும் உணவுதான் என்று அதற்கு யார் சொல்லிக்கொடுத்திருக்க முடியும்? சிறிய தொட்டியில் அழுகும் துண்டு அம்மோனியாவை உயர்த்திவிடும் என்பதால், மிச்சத்தை உடனுக்குடன் உறிஞ்சி எடுக்கிறேன்.

மார்ச் 9

உண்டுவிட்டது! பிளந்த மட்டியை ஓட்டோடு அடியில் வைத்து அறையை விட்டு வெளியேறினேன். திரும்பி வந்து பார்த்தபோது சதையின் ஓரம் கடிபட்டிருந்தது. ஓரிடத்தில் நிலையாக இருப்பதைக் கொறிக்கும் அதன் பழக்கத்துக்கு இது ஒத்துப்போயிற்று. இன்று வேறெதையும் எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 15

துடுப்புகளில் உப்புத் தூவியதுபோல் வெண்புள்ளிகள்; ஒட்டுண்ணியின் வேலை. செம்பு மருந்தைத் தொடங்கிவிட்டேன். ஒட்டுண்ணியைக் கொல்லும் அளவுக்கும் மீனைத் துன்புறுத்தும் அளவுக்கும் இடைவெளி குறைவு என்பதால் காலையும் மாலையும் அளந்து பார்க்கிறேன். பவளம், நத்தை, நண்டு ஆகியவற்றுக்குச் செம்பு நஞ்சு. முதன்மைத் தொட்டியில் இம்மருந்தை ஊற்ற முடியாது. நேராக அங்கே விட்டிருந்தால் இன்று நான் கைகட்டி நின்றிருப்பேன்.

ஏப்ரல் 28

முப்பது நாள் மருந்து, அதன்பின் இரு வாரக் கண்காணிப்பு. உடலில் ஒரு புள்ளியும் இல்லை. இன்று 1,000 லிட்டர் தொட்டிக்கு மாற்றினேன். முழு வளர்ச்சியில் 40 சென்டிமீட்டர் வரை நீளும் இம்மீனுக்கு இதுகூட மிகையான இடமன்று. ஏஞ்சல்கள் பவளத்தைக் கடிக்கும் என்பதால் என் பவளங்களை முன்பே வேறொருவரிடம் கொடுத்துவிட்டேன். மனம் வலித்தது, ஆனால் இரண்டையும் ஒரே தொட்டியில் வைக்கும் துணிவு எனக்கில்லை. மற்ற மீன்கள் தத்தம் இடத்தைப் பிடித்தபின் இதைக் கடைசியாக விட்டதால் துரத்தல் ஏதுமில்லை.

செப்டம்பர் 21, 2024

15 சென்டிமீட்டர். வால்பக்க வளையங்கள் அறுந்து, மஞ்சள் கோடுகளாக நீளத் தொடங்கியுள்ளன. கண்ணைச் சுற்றிக் கரிய பட்டை தெளிவாகிறது. 1787இல் பிளாக் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் இவ்வினத்துக்குப் பெயரிட்டார். பின்னர் இதன் இளமீனுக்குத் தனி இனமாகவே வேறொரு பெயரும் சூட்டப்பட்டது. இரண்டு கோலமும் ஒரே உடலில் கலந்து நிற்பதைப் பார்க்கையில் அந்தப் பிழை எனக்கு வியப்பளிக்கவில்லை. கடற்பஞ்சு கலந்த உணவையும் பாசித் தாளையும் நாளுக்கு மூன்று வேளை கொடுக்கிறேன். தாளைக் கண்ணாடியில் ஒட்டும்போது இப்போது என் விரலருகே வந்து காத்து நிற்கிறது.