சீனாவில் டீச்சர் வேலை: வீணாய்ப் போன அப்போஸ்டிலும் என் மூன்று இனிஷியலும்

நேற்று சாயங்காலம் ரெசிடென்ஸ் பெர்மிட் (இங்கே தங்குவதற்கான அனுமதி) ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டது. சீனாவின் சூஜோ நகரில் ஒரு தனியார் பள்ளியில் ஏ லெவல் (பிரிட்டிஷ் பாடத்திட்டத்தில் நம் பிளஸ் டூ மாதிரி) கணக்கு எடுக்கிறேன். 2024 ஜனவரியில் தொடங்கிய அலைச்சல் செப்டம்பரில்தான் ஓய்ந்தது. அதில் பாதி நாள் அலையத் தேவையே இல்லாத அலைச்சல். சொல்ல ஆள் இல்லாததால் அலைந்தேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதல் இரண்டு மாதத்தைத் தின்றது இங்கிலீஷ் டீச்சர் ஆசை. மழலையர் பள்ளியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஆள் தேவை என்று ஒரு ஏஜென்ட் சொன்னார், பதிவுக் கட்டணம் என்று பதினைந்தாயிரம் வாங்கினார். விசா பேச்சு வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. "எம் விசாவில போயிடுங்க மேடம், அங்க போய் மாத்திக்கலாம். எல்லாரும் அப்படித்தான் போறாங்க" என்றார். எம் விசா என்பது வியாபார விசா. அதில் போய் வகுப்பெடுப்பது சட்டவிரோத வேலை. பிடிபட்டால் 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம். நிலைமை மோசமென்றால் 5 முதல் 15 நாள் வரை காவலில் வைக்கவும் அவர்கள் சட்டத்தில் இடமிருக்கிறது. மாணவர் விசாவில் போகச் சொன்னாலும் இதே கதைதான். வேலைக்குப் போகிறவருக்கு இசட் விசா ஒன்றுதான் வழி.

அந்த ஏஜென்ட் சொல்லாமல் விட்டது இன்னொன்று. மொழி ஆசிரியர் தன் தாய்மொழியைத்தான் கற்பிக்க வேண்டும் என்பது அங்கே விதி. நடைமுறையில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா போன்ற ஊர்களின் பாஸ்போர்ட்டைத்தான் பார்க்கிறார்கள். நாம் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் இந்தியப் பாஸ்போர்ட்டோடு இங்கிலீஷ் டீச்சராக வேலை பெர்மிட் வாங்குவது மிகவும் கஷ்டம். ஆனால் கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரியை இங்கிலீஷில் நடத்துகிற ஆசிரியருக்கு அந்தத் தடை இல்லை. படித்த பாடமும் நடத்தப்போகிற பாடமும் ஒத்துப்போக வேண்டும், டிகிரிக்குப் பிறகு இரண்டு வருட அனுபவமாவது வேண்டும். எம்.எஸ்சி. கணக்கு, பி.எட்., பதினோரு வருட அனுபவம் என்று கையில் வைத்துக்கொண்டு நான் மழலையர் பள்ளிக்கு அலைந்திருக்கிறேன்! பதினைந்தாயிரம் திரும்பி வரவே இல்லை.

பாடம் மாற்றி விண்ணப்பித்ததும் ஆன்லைன் நேர்காணல், மாதிரி வகுப்பு, ஒப்பந்தம் எல்லாம் மூன்று வாரத்தில் முடிந்தன. ஒரே தொல்லை வீசாட், நம் வாட்ஸ்அப் மாதிரியான சீனச் செயலி. சீனாவில் எல்லாமே அதில்தான் நடக்கிறது. நம் நாட்டிலோ 2020 ஜூனில் தடை செய்த 59 செயலிகளில் அதுவும் ஒன்று. பள்ளியின் எச்.ஆர். பெண் "வீசாட் ஐடி அனுப்புங்கள்" என்று நான்கு முறை கேட்டாள். நான்கு முறையும் விளக்கி எழுதினேன். முதல் நாளே "எல்லாவற்றையும் மெயிலில் அனுப்புங்கள்" என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள்.

இனி டிகிரி அட்டெஸ்டேஷன், அதாவது சான்றிதழ் அசல்தான் என்று முத்திரை வாங்குவது. இதுதான் என்னை அழவைத்தது.

"சீனா 2023 நவம்பர் 7 முதல் அப்போஸ்டில் நாடாகிவிட்டது, இனிமேல் தூதரக முத்திரை வேண்டாம்" என்று நான் அமர்த்திய அட்டெஸ்டேஷன் கம்பெனி சொன்னது. அப்போஸ்டில் என்பது, அதற்கான ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கிற ஒற்றைச் சான்று முத்திரை. கம்பெனி சொன்ன தேதி சரி. நானும் நம்பி நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னை போய், ஒரிஜினலைக் கொடுத்து, பன்னிரண்டு நாள் கழித்து மறுபடி போய் வாங்கி வந்தேன். பின்பக்கம் பளபளவென்று ஸ்டிக்கர். ஸ்கேன் செய்து அனுப்பினேன். மறுநாள் ஒரே வரியில் பதில் வந்தது: இந்தியாவுக்கு இது செல்லாது.

உண்மை அதுதான். சீனா அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் சேர்ந்தாலும் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையே அது நடைமுறையில் இல்லை. நமக்குப் பழைய வழியேதான்: மாநில அரசு முத்திரை, அதற்கு மேல் வெளியுறவுத் துறை அட்டெஸ்டேஷன், கடைசியில் சீனத் தூதரகத்தின் முத்திரை. சென்னையில் சீனத் துணைத்தூதரகம் கிடையாது. என் பேப்பர்கள் டெல்லிக்குப் போய்வந்தன. கம்பெனிக்காரரிடம் கேட்டால், "நாங்க கேட்டதுக்கு நீங்க சரின்னுதானே சொன்னீங்க" என்றார். மறுபடி பணம், மறுபடி ஐந்து வாரம். வெறுமனே "சீனாவுக்கு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "இந்தியாவிலிருந்து சீனாவுக்கு, தூதரக முத்திரை வரை" என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

டிகிரி டெல்லியில் இருக்கும்போதே எச்.ஆரிடமிருந்து அடுத்த மெயில் வந்தது. "இந்த மூன்று பேரும் யார்?"

டிகிரியில் என் பெயருக்கு முன்னால் 'எஸ்', அது அப்பா. அனுபவச் சான்றிதழில் 'ஆர்', அது கல்யாணத்துக்குப் பிறகு பள்ளியில் மாற்றிக்கொண்டது. பாஸ்போர்ட்டில் சர்நேம் இடத்தில் கணவர் பெயர் முழுதாக. நமக்கு இது அன்றாட விஷயம். அவளுக்கு இனிஷியல் என்றால் என்னவென்றே தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. மூன்றும் ஒருவரே என்று முத்திரைத்தாளில் உறுதிமொழி எழுதி, நோட்டரியிடம் கையெழுத்து வாங்கினேன். திருமணச் சான்றிதழையும் சேர்த்து அனுப்பினேன். அதற்கும் அவள் தயங்கினாள்: "எஸ் என்பது அப்பா என்று எதில் இருக்கிறது?"

அன்று இரவு பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது கடைசிப் பக்கம் கண்ணில் பட்டது. அப்பா பெயர், அம்மா பெயர், கணவர் பெயர் மூன்றும் அங்கே அச்சாகி இருக்கின்றன. நான் அதுவரை முன்பக்கத்தை மட்டுமே அனுப்பியிருந்தேன். அந்த ஒரு பக்கத்தை ஸ்கேன் செய்து, எஸ் எது, ஆர் எது என்று அம்புக்குறி போட்டு அனுப்பினேன். "இப்போது புரிகிறது" என்று பதில் வந்ததும் எழுந்துபோய்த் தூங்கிக்கொண்டிருந்த இவரை எழுப்பிச் சொன்னேன். முதல் மெயிலிலேயே கடைசிப் பக்கத்தையும் அனுப்பிவிடுங்கள்.

அனுபவச் சான்றிதழ் தனிப் போராட்டம். பழைய பள்ளி அலுவலகத்தில் "டீச்சர், 'நன்னடத்தை உள்ளவர்'னு போட்டுத் தர்றோம், அது போதும்" என்றார்கள். போதாது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்ன பதவி, என்ன பாடம், கையெழுத்துப் போட்டவர் பெயர், போன், மெயில் எல்லாம் வேண்டும். நானே டைப் செய்து கொண்டுபோனேன். தாளாளர் கையெழுத்துக்கு மூன்று நாள் வராந்தாவில் உட்கார்ந்தேன். இப்போது வேலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: ஒரிஜினல் சான்றிதழ்களைப் பள்ளியில் ஒப்படைத்திருந்தால், ராஜினாமா பேச்சை எடுக்கும் முன்பே அவற்றை வாங்கிவிடுங்கள்.

போலீஸ் கிளியரன்ஸ் (குற்ற வழக்கு இல்லை என்ற சான்று) சிக்கல் இல்லாமல் வந்தது. எந்த நாட்டுக்கு என்ற இடத்தில் சீனா என்று கொடுங்கள், ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்கட்டும். போட்டோ 33க்கு 48 மில்லிமீட்டர், வெள்ளைப் பின்னணி. எங்கள் ஊர் ஸ்டுடியோவில் வழக்கமான பாஸ்போர்ட் சைஸையே கொடுத்தார்கள், திரும்பி வந்தது. கம்மலைக் கழற்றி, காது தெரிய மறுபடி எடுத்தேன். ஒர்க் பெர்மிட் நோட்டிஃபிகேஷன் கடிதம் (வேலைக்கு அனுமதி உண்டு என்று சீனாவிலிருந்து வரும் கடிதம்) வந்த பிறகு இசட் விசா சுலபம்.

சாமான் கட்டும்போது நான் செய்த தப்பு குக்கர். அம்மா கொடுத்த அலுமினியக் குக்கரைத் துணி சுற்றிக் கொண்டுவந்தேன். இங்கே வீட்டில் இருப்பது இண்டக்‌ஷன் அடுப்பு. குக்கர் சூடே ஏறவில்லை. வாங்கும்போது அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். நம் மூன்று பின் பிளக்கும் இங்கே நுழையாது.

சிங்கப்பூர் வழியாக ஷாங்காய் வந்து இறங்கினேன். தனி வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதி போலீஸ் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும். நான் வந்தது ஞாயிற்றுக்கிழமை இரவு. "நாளை மத்தியானம் போகலாம்" என்றாள் எச்.ஆர். "காலையிலேயே" என்று நான் விடவில்லை, எட்டரைக்குப் போய் முடித்தோம். அந்தச் சீட்டு இல்லாமல் அடுத்த எதுவும் நகராது. மெடிக்கலுக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டும்: ரத்தம், எக்ஸ்ரே, ஈசிஜி, ஸ்கேன். ரெசிடென்ஸ் பெர்மிட்டுக்கு வந்த நாளிலிருந்து 30 நாள்தான் கணக்கு.

பேங்கில் மறுபடி பெயர். கவுண்டரில் இருந்த பெண் நடுவில் இடைவெளி விடாமல் அடித்துவிட்டாள், போனில் பணம் கட்டும் அலிபே செயலி அந்தக் கணக்கை ஏற்கவில்லை. பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்து, ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துக் காட்டினேன். சர்நேம் முதலில், ஓர் இடைவெளி, பிறகு என் பெயர். இரண்டாவது தடவை பச்சை டிக் விழுந்தது. வரும் வழியில் காய்கறிக் கடையில் போனை நீட்டி ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கினேன்.