மழை பெய்தால்தான் கமகுரா

ஜப்பானுக்குப் போகிறோம் என்று சொன்னதும் கேட்டவர்கள் எல்லோரும் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார்கள்: ஏப்ரல் தொடக்கத்தில் போங்கள், செர்ரிப் பூவைப் பாருங்கள். ஜூன் என்றதும் முகம் சுளித்தார்கள். ஜூனில் அங்கே மழைக்காலம். டோக்கியோ வட்டாரத்தில் சராசரியாக ஜூன் 7 வாக்கில் பிடித்துக்கொண்டு ஜூலை 19 வரை விடாது. துணி காயாது, வானம் வெளுக்காது, ஃபுஜி மலை கண்ணில் படாது. எல்லாம் உண்மைதான். ஆனால் செர்ரி மரம் முழுதாகப் பூத்து நிற்பது ஏறத்தாழ ஒரு வாரம். அந்த ஒரு வாரத்தைக் குறிவைத்து உலகமே அங்கே இறங்குகிறது. விடுதி வாடகை ஏறுகிறது. நடுவில் ஒரு நாள் காற்றும் மழையும் பலமாக அடித்தால் விமான டிக்கெட் காசு முழுவதும் தரையில் உதிர்ந்து கிடக்கும்.

மழைக்காலத்துக்கென்றே அங்கே ஒரு பூ இருக்கிறது. அஜிசாய் என்கிறார்கள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வீட்டு வாசல்களில் ஹைட்ரேஞ்சியா என்று நிற்கிறதே, அதுதான். ஜூன் முழுவதும் தாக்குப்பிடிக்கும். காற்றுக்கு உதிராது. மழைக்கு அழுகாது. இந்தப் பூவுக்குப் பேர்போன ஊர் கமகுரா. யோகோஹாமாவில் வேலை பார்க்கும் தம்பியின் வீட்டிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். நானும் அம்மாவும் கிளம்பினோம். தம்பி அலுவலகம் போகும் அவசரத்திலும் இரண்டு ஒளிபுகும் பிளாஸ்டிக் குடைகளைக் கையில் திணித்து, "அக்கா, மழை விட்டுவிட்டால் வருத்தப்படாதே" என்று சொல்லி அனுப்பினான். கிண்டல் என்று அப்போது நினைத்தேன்.

கமகுராவுக்கு மூன்று பக்கம் குன்று, ஒரு பக்கம் கடல். பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1333 வரை சாமுராய்களின் ஆட்சி இங்கிருந்துதான் நடந்தது. அதற்குப் பிறகு அதிகாரம் கியோட்டோவுக்குப் போய்விட்டது; கோயில்கள் மட்டும் குன்றுகளின் மடிப்புகளில் தங்கிவிட்டன. நாங்கள் முதன்மை நிலையத்துக்கு ஒன்று முன்பாகக் கிதா கமகுராவிலேயே இறங்கிவிட்டோம். மரங்களுக்கு நடுவே நீண்டு ஒடுங்கிய நடைமேடை. இறங்கிய எல்லோரும் குடையை விரித்து ஒரே திசையில் நடந்தார்கள். வழி கேட்க வேண்டிய தேவையே இல்லை.

கூட்டம் போய்ச் சேர்ந்த இடம் மெய்கெட்சுயின். அஜிசாய்க் கோயில் என்றே இதற்குப் பெயர். நுழைவுக் கட்டணம் 500 யென். உள்ளே போனதும் கல்படிகள் மேலேறுகின்றன. இரு பக்கமும் இடுப்புயரத்துக்கு நீலம். ஏறத்தாழ 2,500 செடிகள், பெரும்பாலும் ஹிமே அஜிசாய் என்ற ஒரே வகை. மொட்டில் வெளிறிய பச்சை, பிறகு இளநீலம், ஜூன் நடுவில் ஆழ்ந்த நீலம். பல நிறங்களைக் கலந்து கண்ணைப் பறிக்கும் எண்ணமே இல்லாமல், ஒரே நீலத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு குன்றுச்சரிவை நிறைத்திருக்கிறார்கள். அந்தக் கட்டுப்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. இத்தனைக்கும் இது பழைய மரபு ஒன்றுமில்லை. போருக்குப் பின் ஆளுக்கும் பொருளுக்கும் தட்டுப்பாடு இருந்த காலத்தில், பாதையோரம் முளைக்குச்சி அடிப்பதற்குப் பதிலாக, அதிகம் பராமரிக்கத் தேவையில்லாத செடி என்று இதை நட்டார்களாம். வேலிக்கு வந்த செடி கோயிலுக்கே பெயர் கொடுத்துவிட்டது.

அம்மா ஒரு கொத்தைக் குனிந்து முகர்ந்து பார்த்தார். வாசனை இல்லை.

"இட்லிப்பூவை ஊதிப் பெரிதாக்கியது போல இருக்கிறது. வாசமும் இல்லை. தொடுத்துத் தலையில் வைக்க முடியாது, சாமிக்குச் சாத்த முடியாது. இதற்கா இத்தனை கூட்டம்?"

பதில் சொல்ல எனக்கு ஒன்று கையில் இருந்தது. இதே குடும்பத்துச் செடி ஒன்றின் இலையைப் புளிக்க வைத்து உலர்த்தி, அமாச்சா என்ற இனிப்பான தேநீர் போடுகிறார்கள். ஏப்ரல் 8-ஆம் தேதி புத்தர் பிறந்த நாளில், ஜப்பானியக் கோயில்களில் குழந்தை புத்தர் சிலைக்கு அந்தத் தேநீரைத்தான் அகப்பையால் மொண்டு ஊற்றுகிறார்கள். அபிஷேகமேதான். அதைக் கேட்டதும் அம்மாவுக்குப் பூவின் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. மற்ற அஜிசாய் இலைகளை வாயில் வைத்துவிடக் கூடாது, அவை நஞ்சு என்பதையும் சொல்லி வைத்தேன்.

இந்தக் கோயிலின் வட்டச் சாளரம் புகைப்படங்களில் பிரபலம். அதன் முன் நின்று படம் எடுக்க நீண்ட வரிசை. நாங்கள் நிற்கவில்லை. அந்த நேரத்துக்குக் கையில் பூங்கொத்து ஏந்திய சின்னஞ்சிறு கல் சிலை ஒன்றின் அருகே நின்றோம். குழந்தைகளையும் வழிப்போக்கர்களையும் காக்கும் ஜிசோ. மழைத்துளி அதன் மொட்டைத் தலையில் விழுந்து வழிந்துகொண்டிருந்தது.

மழை என்றால் நம் ஐப்பசி அடைமழை இல்லை. இரைச்சல் கிடையாது, தெருவில் ஆறு ஓடாது. தூறலுக்கும் மழைக்கும் இடைப்பட்ட ஒன்று, அவசரமே இல்லாமல் நாள் முழுவதும் பெய்கிறது. வெப்பம் இருபது டிகிரிக்குச் சற்று மேலே. சென்னைக்காரர்களுக்கு இது நடக்கப் பிறந்த வானிலை. உள்ளூர்க்காரர்கள் புழுக்கம் என்று துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்கள். அம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டார்.

சாலைக்கு மறுபுறம் தோகெய்ஜி. 1285-இல் ஆட்சியாளர் ஹோஜோ தொகிமுனேயின் மனைவி ககுசான், கணவர் இறந்தபின் துறவியாகித் தொடங்கிய பெண்துறவிகள் மடம். கொடுமை தாங்காமல் ஓடி வரும் பெண்கள் இதன் வாசலுக்குள் நுழைந்துவிட்டால் அடைக்கலம். குறிப்பிட்ட காலம் தங்கிப் பணி செய்தால் மணவிலக்கே கிடைத்துவிடும். கணவன் நினைத்தால் மட்டுமே மணமுறிவு என்றிருந்த நாட்டில் நூற்றாண்டுக் கணக்கில் இது நடந்திருக்கிறது. "அப்போதேயா!" என்று அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அங்கே அஜிசாயைவிட என்னைக் கவர்ந்தது வேறொரு பூ. இவாதபாகோ. ஈரம் கசியும் பாறைச்சுவரில் புகையிலை இலை போன்ற இலைகளோடு ஒட்டிக்கொண்டு, நட்சத்திர வடிவில் ஊதாப் பூக்களைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கிறது. ஒரு பூ விரல் நுனி அளவுதான். கூட்டம் அதைக் கவனிக்காமல் கடந்து போகிறது.

அங்கிருந்து சாலையோரமாகவே நடந்தால் கெஞ்சோஜி வரும். 1253-இல் எழுந்த பெரிய ஜென் மடம். கட்டடங்களைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் சூப்பைப் பற்றி எழுதுகிறேன். கெஞ்சின் ஜிரு என்ற காய்கறிச் சூப்பு இந்த மடத்துச் சமையலறையில் பிறந்தது என்று சொல்கிறார்கள். முள்ளங்கி, கேரட், சேப்பங்கிழங்கு, கோபோ என்ற வேர், உதிர்த்த டோஃபு எல்லாவற்றையும் எள்ளெண்ணெயில் வதக்கி, பிறகு நீர் ஊற்றிக் கொதிக்க வைக்கிறார்கள். அருகிலிருந்த கடையில் கிண்ணம் வந்ததும் அம்மா மூக்கை வைத்தே "நல்லெண்ணெய்!" என்றார். எள்ளை வறுத்து ஆட்டிய எண்ணெய் என்பதால் வாசனை நம்முடையதைவிடத் தூக்கல். சைவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: மடத்து முறையில் கடற்பாசியும் காளானும் போட்டுத்தான் சாறு எடுப்பார்கள், ஆனால் கடைகளில் மீன் சாறு சேர்ப்பதுண்டு. கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

சாப்பிட்டு வெளியே வந்தபோது மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்தது. தம்பி சொன்னதன் பொருள் அப்போதுதான் புரிந்தது. காலையில் உள்ளிருந்து ஒளிர்ந்த அதே நீலம் வெயிலில் வெளுத்துச் சப்பென்று நின்றது. இலைகளின் ஓரம் துவள ஆரம்பித்திருந்தது. இந்தப் பூ மேகமூட்டத்துக்கென்றே ஆனது. இன்னும் சொன்னால், அந்த நீலமே மழை கொடுத்ததுதான். அமில மண்ணில் அலுமினியம் கரைந்து வேர் வழியே மேலேறுகிறது. பூவிலுள்ள டெல்பினிடின் என்ற நிறமியோடு அது சேரும்போது நீலம் பிறக்கிறது. அலுமினியம் கிடைக்காவிட்டால் இளஞ்சிவப்பு. ஜப்பானில் ஓயாமல் பெய்யும் மழை மண்ணின் சுண்ணாம்புச் சத்தை அரித்துக்கொண்டு போய்விடுகிறது, எரிமலைச் சாம்பல் மண் வேறு, ஆகவே அங்கே நீலமே மிகுதி. சுண்ணாம்பு மண் உள்ள ஐரோப்பியத் தோட்டங்களில் இதே செடி இளஞ்சிவப்பாகப் பூக்கிறது. மழைக்காலத்தைத் தவிர்த்துவிட்டுப் பூவை மட்டும் பார்க்கிறேன் என்றால் அது நடக்கிற காரியமில்லை.

கமகுரா நிலையத்தில் எனோதென் ரயில் ஏறினோம். 1902-இல் ஓடத் தொடங்கிய சின்னஞ்சிறு தடம்; இன்று புஜிசாவா வரை 10 கிலோமீட்டர், 15 நிலையங்கள். வீடுகளின் கொல்லைப்புறத்தை உரசிக்கொண்டு போகிறது. ஜன்னல் வழியே ஒருவர் வீட்டு மிளகாய்த் தொட்டியைக்கூட எண்ணிவிடலாம். மூன்றாவது நிறுத்தம் ஹாசே.

ஹாசேதெரா கோயிலின் குன்றுச்சரிவில் நாற்பதுக்கும் மேற்பட்ட வகை அஜிசாய்கள். மெய்கெட்சுயினின் ஒற்றை நீலத்துக்கு நேர் எதிர்: வெள்ளை, ஊதா, இளஞ்சிவப்பு, ஓரம் மட்டும் நிறமேறியது என்று எல்லாம் உண்டு. எனக்குப் பிடித்தது காக்கு அஜிசாய் என்ற பழைய வடிவம். இந்தக் கடலோரத்துக் காட்டுச்செடி அதுதான். உருண்டைக் கொத்தெல்லாம் பின்னால் வந்தவை. நடுவில் பொடிப்பொடியாக உண்மையான பூக்கள், சுற்றிலும் வண்டுகளை அழைக்க நாலைந்து பெரிய பூக்கள். அந்தப் பெரியவற்றிலும் நாம் இதழ் என்று எண்ணிக்கொள்வது புல்லிதழைத்தான். அதனால்தான் உதிர்வதில்லை.

பூக்காலத்தில் அந்தச் சரிவுப் பாதைக்குத் தனி டிக்கெட், வரிசை எண். முறை வரும் வரை அம்மாவை அழைத்துக்கொண்டு மரத்தாலான கன்னோன் என்ற கருணைத் தெய்வத்தைப் பார்த்தேன். 9 மீட்டருக்கு மேல் உயரம், பதினொரு முகம். பிறகு குகை. அங்கே பாறையில் செதுக்கியிருப்பது பென்சைத்தென். நம் சரஸ்வதிதான், புத்த சமயத்தோடு சீனா வழியாக வந்து இங்கே குடியேறியவள். விவரம் சொன்னதும் அம்மா செருப்பைக் கழற்றப் போனார். ஈரத்தரை, வேண்டாம் என்று தடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

மழை திரும்பவும் பிடித்துக்கொண்டது. ஒடுங்கிய பாதையில் எதிரே வருபவர்கள் தம் குடையை வெளிப்பக்கம் சாய்த்துக்கொண்டு நகர்ந்தார்கள், நீர் நம் மேல் சொட்டாமல் இருக்க. ஐந்தாவது ஆளைக் கடக்கும்போது அம்மாவும் சாய்க்கப் பழகிவிட்டார். மேலே ஏறினால் பூக்களுக்கு அப்பால் யுய்கஹாமா கடற்கரை, சாம்பல் நிறத்தில்.

பத்து நிமிட நடையில் கோதொகுயின், அதாவது பெரிய புத்தர். 1252-இல் வார்க்கத் தொடங்கிய வெண்கலச் சிலை. பீடம் நீங்கலாக 11 மீட்டருக்கு மேல் உயரம், எடை சுமார் 121 டன். ஒரு காலத்தில் மேலே மண்டபம் இருந்தது. அது அழிந்த பிறகு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வெட்டவெளியில்தான் இருக்கிறார். அவருக்கும் குடை இல்லை.

ஆனால் அந்த வளாகத்தில் என் கால்கள் நின்றது இன்னொரு கல்லின் முன்னால். இலங்கையின் ஜே. ஆர். ஜெயவர்த்தனாவுக்கு 1991-இல் நிறுவிய நினைவுக்கல். 1951-இல் சான் பிரான்சிஸ்கோ அமைதி மாநாட்டில், சிலோனின் நிதியமைச்சராக அவர் பேசினார். ஜப்பானிடம் இழப்பீடு கேட்க மாட்டோம் என்றார். வெறுப்பு வெறுப்பால் தணியாது, அன்பினாலேயே தணியும் என்ற தம்மபத வாக்கை எடுத்துச் சொன்னார். ஜப்பானியர்கள் அதை மறக்கவில்லை. நன்றியோடு கல்லில் வைத்திருக்கிறார்கள். அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் நியாயம்தான். அதே மனிதர் குடியரசுத் தலைவராக இருந்தபோதுதான் 1983 ஜூலை நடந்தது. அம்மா கல்லைப் பார்த்து "யார் இது?" என்றார். சொன்னேன். 83-இல் தெருவில் கூடி வானொலி கேட்டவர் அவர். "அந்த வாக்கை ஊருக்குத் திரும்பும்போது கப்பலிலேயே விட்டுவிட்டாரோ?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். அதற்குமேல் நான் எதுவும் பேசவில்லை.

கடைசியாகக் கோர்யோ சிற்றாலயம். அதன் தோரண வாயிலுக்கும் தெருவுக்கும் நடுவே எனோதென் தண்டவாளம் ஓடுகிறது, தண்டவாளத்தின் ஓரமெல்லாம் அஜிசாய். மணி அடிக்கும், பச்சையும் வெண்மஞ்சளுமான பெட்டிகள் சுரங்க வாயிலிலிருந்து வெளிப்பட்டுப் பூவை உரசாத குறையாகக் கடக்கும். பெரிய புத்தருக்குத் தலையசைத்துவிட்டு வந்த அம்மா, இங்கே நாலு ரயில் போகும் வரை கிளம்ப மறுத்துவிட்டார்.

போக நினைப்பவர்களுக்கு: ஜூன் இரண்டாவது, மூன்றாவது வாரம் உகந்தது. சனி ஞாயிறு வேண்டவே வேண்டாம். மெய்கெட்சுயினுக்குக் கதவு திறக்கும் நேரத்தில் போய் நில்லுங்கள். நனைந்தாலும் வழுக்காத செருப்பு குடையைவிட முக்கியம். ஜூலை பிறந்த பிறகு போவதில் பயனில்லை. அடுத்த ஆண்டுக்கான மொட்டு இலையுதிர் காலத்துக்குள் பழைய கிளையிலேயே உருவாகிவிடும் என்பதால், பூ அழகாக இருக்கும்போதே வெட்டிவிடுகிறார்கள். வானிலை அறிக்கையில் வெயில் என்று போட்டிருந்தால் அன்றைக்கு யோகோஹாமாவில் நூடுல்ஸ் அருங்காட்சியகம் பார்த்துவிட்டு, மறுநாள் கமகுரா போங்கள்.