டார்வின் வீடு, அட்டையில்: 1843 வரை வந்தாயிற்று

சார்லஸ் டார்வின் 1842-ல் குடிபுகுந்து, 1882-ல் இறக்கும்வரை வாழ்ந்த டவுன் ஹவுஸை அட்டையில் செய்துகொண்டிருக்கிறேன். டவுன் என்பது அந்தக் கிராமத்தின் பெயர். லண்டனுக்குத் தென்கிழக்கே, அன்று கெண்ட் மாவட்டத்தில் இருந்த சிற்றூர்.

அரண்மனை மாதிரியான வீடு இல்லை. வாங்குவதற்கு முன் பார்த்துவிட்டு வந்த டார்வினே தங்கைக்கு எழுதிய கடிதத்தில், வீடு அழகில்லை, பழையதாகவும் தெரியவில்லை, புதியதாகவும் தெரியவில்லை என்கிறார். ஆனால் அதே கடிதத்தில் அளவுகளைக் கொடுத்துவிட்டார்! படிப்பறை 18-க்கு 18 அடி, சாப்பாட்டு அறை 21-க்கு 18, வரவேற்பறை 21-க்கு 15. சுவர் கனம் 2 அடி, ஜன்னல்கள் சற்றுச் சின்னவை, மொத்தம் மூன்று தளம். மாதிரி செய்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்று வைத்துக்கொண்டேன். படிப்பறை நாலரை அங்குலச் சதுரமாக வந்தது. வெளி உயரத்தை மட்டும் புகைப்படங்களில் கதவை அளவுகோலாக வைத்துக் கணக்கிட்டேன்.

முதல் தடவை செய்த சுவர்களைத் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. 2 மி.மீ. அட்டையில் வெட்டி, ஜன்னல் துளைத்து, வெள்ளை அடித்து நிறுத்தினால் பிஸ்கட் டப்பா போலத் தெரிந்தது. இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்த பிறகுதான் கடிதத்தில் இருந்த 2 அடிச் சுவர் உறைத்தது. நம் அளவில் அது அரை அங்குலம். 5 மி.மீ. ஃபோம் போர்டு இரண்டு, நடுவில் இரண்டரை மி.மீ. அட்டை ஒன்று, மூன்றையும் ஒட்டினால் பன்னிரண்டரை மி.மீ. ஏறக்குறைய சரியாக வந்துவிடுகிறது. ஜன்னல் துளையை மூன்றிலும் தனித்தனியாக வெட்டி, ஒட்டிய பிறகு உப்புத்தாளால் உள்விளிம்பைத் தேய்த்தேன். விளக்கைப் பக்கவாட்டில் வைத்ததும் ஜன்னல்களுக்குள் நிழல் விழுந்தது. அப்போதுதான் இது வீடு ஆனது.

அப்புறம் இரண்டாம் கட்டம். 1843-ல் டார்வின் தோட்டப் பக்கமாக மூன்று தளத்துக்கும் சேர்த்து வெளியே துருத்தும் ஒரு பகுதியைக் கட்டினார். அதைத் தனியாகச் செய்து, கழற்றி மாட்டும்படி வைத்திருக்கிறேன். பிள்ளைகள் பிறக்கப் பிறக்க, வேலை பெருகப் பெருக வளர்ந்த வீடு இது. எல்லாவற்றையும் ஒரேயடியாக ஒட்டிவிட்டால் அந்த வளர்ச்சி கண்ணுக்குத் தெரியாது. மூன்று தளத்தின் ஜன்னல்களும் நேர்கோட்டில் வரத்தான் மூன்று மாலைகள் போயின.

வீட்டை ஒட்டிய சந்தில் போகிறவர்கள் உள்ளே பார்க்க முடிந்ததால், டார்வின் அந்தச் சந்துப் பாதையையே 2 அடிவரை தோண்டித் தாழ்த்தி, சிக்கிமுக்கிக் கல்லால் மதில் எழுப்பினார். மறுபடி அரை அங்குலம்! மிச்சமான ஃபோம் போர்டை அடித்தளத்தில் ஒட்டி வீட்டை உயர்த்தினேன். சந்து தானாகவே தாழ்ந்தது. மதிலுக்கு உடைத்த கடுகையும் சலித்த மணலையும் கலந்து பெவிகாலில் ஒட்டிப் பார்த்தேன். கடுகு உருண்டையாகவே நின்றது. மணல் மட்டும் போதும். மேலே சாம்பல் நிறம்.

பழைய படிப்பறைக்கு உள்ளே மட்டும் சாமான்கள் வைக்கிறேன். 1859-ல் வெளியான 'உயிரினங்களின் தோற்றம்' எழுதப்பட்ட அறை அது. கால்களில் உருளை பொருத்திய நாற்காலி முடிந்தது. வருகிறவர்களைப் பார்க்க ஜன்னலுக்கு வெளியே அவர் மாட்டியிருந்த கண்ணாடிக்கு, மாத்திரை அட்டையின் வெள்ளித்தாளில் ஒரு சின்னத் துண்டு.

அடுத்தது 1858-ன் புது வரவேற்பறை. அதற்கான சுவர்களை நேற்று ஒட்டி, கனமான புத்தகங்களுக்கு அடியில் காய வைத்திருக்கிறேன்.