வரிக் கணக்கில் பிடிபட்ட டிசைன் பேட்டர்ன்

2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்தபோது, மொத்த வியாபாரிகளுக்கான பில்லிங் மென்பொருளை ஜாவா நிரல்மொழியில் எழுதும் சிறு குழுவில் நான் இருந்தேன். மாநிலத்துக்குள் விற்றால் மத்திய அரசுக்கான சிஜிஎஸ்டியும் மாநில அரசுக்கான எஸ்ஜிஎஸ்டியும் பாதிப் பாதி, வெளிமாநிலத்துக்கு விற்றால் ஐஜிஎஸ்டி என்ற ஒரே வரி என்ற பிரிவை, ‘இப்படியானால் இது, இல்லையேல் அது’ என்று ஏற்கெனவே நீண்டு கிடந்த இஃப்-எல்ஸ் நிபந்தனை அடுக்குக்குள்ளேயே அவசரமாகச் சேர்த்துவிட்டோம்.

சில மாதங்களில், சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் இயங்கும் வாடிக்கையாளர் ஒருவருக்கான பில் தவறாக வந்தது. அவர் இருப்பது அதே மாநிலம்தான் என்றாலும், அந்த மண்டலத்துக்கு அனுப்பும் சரக்கைச் சட்டம் மாநிலங்களுக்கிடையிலான விற்பனையாகவே கருதுகிறது. பில் போடும் இடத்தில் இன்னொரு இஃப் சேர்த்துத் திருத்தினேன். ஆனால் ‘இரண்டு மாநிலமும் ஒன்றா’ என்ற அதே சோதனை, கிரெடிட் நோட்டிலும் மாதாந்தர அறிக்கையிலும் தனித்தனியாக எழுதப்பட்டிருந்தது. அதனால் பில்லில் ஐஜிஎஸ்டியும், அதே சரக்கைத் திருப்பியதற்கான கிரெடிட் நோட்டில் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டியும் அச்சாகின. வியாபாரியின் கணக்காளர் அந்த இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துக் காட்டியது இன்றும் கண்ணில் நிற்கிறது.

எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிசைட்ஸ் ஆகிய நால்வரும் 1994இல் வெளியிட்ட, டிசைன் பேட்டர்ன்களை, அதாவது மென்பொருள் வடிவமைப்பில் அடிக்கடி வரும் சிக்கல்களுக்கான தீர்வு வடிவங்களை, விளக்கும் நூலை அதற்கு முன்பே படித்திருந்தேன். அதிலுள்ள 23 பேட்டர்ன்களையும் முதலிலிருந்து வரிசையாகப் படித்து, படங்களை மனப்பாடம் செய்திருந்தேன். வேலையில் ஒன்றுகூடக் கைகொடுக்கவில்லை. அந்த இரண்டு தாள்களுக்குப் பிறகு ஒரே வேலையைச் செய்யும் பல வழிகளைத் தனித்தனியாகப் பிரித்து, வேண்டியதைப் பொருத்திக்கொள்ளும் ஸ்ட்ராட்டஜி என்ற பேட்டர்னின் பகுதியைத் திரும்பப் படித்தேன். அதை எப்போது பயன்படுத்தலாம் என்று சொல்லும் இடத்தில், ஒரே கிளாஸுக்குள் (தரவையும் அதன் செயல்களையும் சேர்த்து வைக்கும் நிரல் அலகு) பல நடத்தைகள் நிபந்தனைக் கூற்றுகளாக மண்டிக் கிடப்பதும் ஒரு காரணமாகக் கூறப்பட்டிருந்தது. எங்கள் நிரலையே யாரோ பார்த்துவிட்டு எழுதியதுபோல் இருந்தது.

‘வரிமுறை’ என்று ஓர் இன்டர்ஃபேஸ், அதாவது என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் சொல்லும் ஒப்பந்தம், வைத்தேன். ஒரு பொருளின் விலையையும் வரி விகிதத்தையும் வாங்கிக்கொண்டு வரிப் பிரிவைத் திருப்பித் தருவது மட்டுமே அதன் வேலை. உள்மாநிலம், வெளிமாநிலம், சிறப்பு மண்டலம் என மூன்று கிளாஸ்கள் அதை நிறைவேற்றின. இஃப் முற்றிலும் மறைந்துவிடவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்: எந்த வரிமுறை என்று தேர்ந்தெடுக்கும் ஓர் இடத்தில் அது இருந்தது, ஆனால் அங்கு மட்டுமே இருந்தது. பின்னர் அந்தமானில் வியாபாரம் செய்யும் ஒருவருக்காக, அங்கு எஸ்ஜிஎஸ்டிக்குப் பதிலாக வரும் யூனியன் பிரதேச வரியான யூடிஜிஎஸ்டி தேவைப்பட்டபோது, ஒரு புதிய கிளாஸும் தேர்வு செய்யும் இடத்தில் ஒரு சிறு சேர்க்கையும் போதுமாயின; பில், கிரெடிட் நோட், அறிக்கை ஆகிய மூன்றையும் தொடவே இல்லை.

அந்த உற்சாகத்தில் மென்பொருளின் அமைப்புத் தகவல்களை (செட்டிங்ஸ்), நிரல் முழுவதும் ஒரே ஆப்ஜெக்டைப் பகிரும் சிங்கிள்டன் பேட்டர்னாக மாற்றியது தவறாயிற்று. நிரலின் சிறு பகுதியைச் சோதிக்கும் ஒரு யூனிட் டெஸ்ட் மாற்றிய மதிப்பு அடுத்த டெஸ்டைத் தோற்கடித்தது. ஒவ்வொரு கிளாஸையும் உருவாக்கும்போதே, கன்ஸ்ட்ரக்டர் வழியாக, அதற்குத் தேவையான ஆப்ஜெக்டைக் கொடுக்கும் முறைக்குத் திரும்பினேன்.

இப்போது யாராவது எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், ஜாவாவின் சொந்த நூலகத்தையே காட்டுகிறேன். கல்லூரியில் விசைப்பலகை உள்ளீட்டைப் படிக்க, இன்புட்ஸ்ட்ரீம்ரீடரை பஃபர்டுரீடருக்குள் வைத்து எல்லோரும் ஒரு வரி எழுதியிருப்போம். உள்ளேயிருந்து பைட்டுகளை எழுத்துகளாக மாற்றித் தரும் இன்புட்ஸ்ட்ரீம்ரீடர், அடாப்டர் பேட்டர்ன். அதே ரீடர் வடிவத்தை வைத்துக்கொண்டு, தரவை மொத்தமாக எடுத்துவைக்கும் பஃபர் வசதியை வெளியேயிருந்து சேர்க்கும் பஃபர்டுரீடர், டெக்கரேட்டர் பேட்டர்ன். பட்டியலை வரிசைப்படுத்த, எது முன், எது பின் என்று சொல்லக் கொடுக்கும் கம்பேரட்டர் ஸ்ட்ராட்டஜியேதான்.

அந்த 23இல் நான் வேலையில் உண்மையாகப் பயன்படுத்தியவை ஏழெட்டுதான். விசிட்டர் என்ற பேட்டர்ன் இன்னும் தேவைப்படவில்லை. தேவைப்படும் நாளில் அந்தப் பகுதியைத் திரும்பப் படிக்கலாம் என்று விட்டுவைத்திருக்கிறேன்.