இறங்காத தூதர்கள்

பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத்தின் நிழலில் வளர்ந்தவர் என் அம்மா. அந்த ஆலயத்தின் பெயர் தூய திரித்துவ ஆலயம். அதே பெயரில் இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் அறுநூறு வயதை நெருங்கும் ஓர் ஆலயம் இருப்பதாக ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். லண்டனில் பார்க்க வேண்டிய இடங்கள் என்று நான் போட்டு வைத்திருந்த பட்டியல் அத்துடன் செத்தது.

ஊரின் பெயரை எழுத்துக்கூட்டினால் பிளைத்பர்க் என்று வரும். ஊர்க்காரர்கள் பிளைபரா என்கிறார்கள். எங்கு திரும்பினாலும் நாணலும் சேறும், நடுவே வளைந்து கிடக்கும் பிளைத் ஆறும்தான். மேட்டின்மேல் கரைதட்டிய கப்பல்போல் நிற்கிறது ஆலயம். ‘சதுப்பு நிலத்துப் பேராலயம்’ என்பது அதன் செல்லப்பெயர். உண்மையில் இது பேராயரின் தலைமை ஆலயமல்ல, வெறும் ஊர்க்கோயில். இந்தச் சிற்றூருக்கு இவ்வளவு பெரிய ஆலயம் எதற்கு என்ற கேள்வி வாசலிலேயே எழுந்துவிடும். மத்திய காலத்தில் இது துறைமுகமும் சந்தையும் கொண்ட செழிப்பான ஊர். ஆறு தூர்ந்தது, கப்பல்கள் பெரிதாகின, வணிகம் வேறிடம் போனது. 15-ஆம் நூற்றாண்டுச் செல்வத்தில் எழுந்த ஆலயம் மட்டும் இங்கேயே நின்றுவிட்டது.

அம்மா முதலில் கேட்டது இதுதான்: “கோபுரத்தில் ஊசியைக் காணோமே?”

இருந்தது. 1577 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனை நடந்துகொண்டிருந்தபோது பெரும்புயலில் இடி விழுந்து, கூர்முனைக் கோபுரம் கூரையைப் பிளந்துகொண்டு உள்ளே சரிந்தது. ஓர் ஆணும் ஒரு சிறுவனும் இறந்தார்கள். பேய்நாய் ஒன்று உள்ளே பாய்ந்து வெளியேறியபோது வடக்குக் கதவில் நகத்தைப் பதித்துவிட்டது என்பது ஊர்க்கதை. கதவில் கருகிய தழும்புகள் இன்றும் இருக்கின்றன. அம்மா அவற்றைத் தொட்டுப் பார்த்தார். “மெழுகுவர்த்திச் சூடு” என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். எனக்கும் அப்படித்தான் பட்டது, ஆனால் கதையை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

சுவர்களைச் சுற்றி வர அரைமணி நேரம் பிடித்தது. சஃபோக்கில் கட்டடத்துக்கு ஏற்ற நல்ல கல் கிடையாது. வயலில் கிடைக்கும் சக்கிமுக்கிக் கல்தான் உண்டு. அதை உடைத்து, கறுப்பாகப் பளபளக்கும் உள்முகம் வெளியே தெரியும்படி, வெளியிலிருந்து தருவித்த வெண்கல்லின் இடுக்குகளில் பதித்திருக்கிறார்கள். கிழக்குச் சுவரில் இப்படியே எழுத்துகள்கூட உண்டு. மழை ஈரத்தில் அந்தக் கறுப்பு மீன்கண்போல் மின்னியது.

உள்ளே நுழைந்ததும் அம்மா தலையில் முக்காடு போட்டுக்கொண்டார். அதன்பின் இருவருக்கும் பேச்சு வரவில்லை. அவ்வளவு வெளிச்சம். மேல்வரிசைச் சன்னல்கள் முழுக்க நிறமற்ற கண்ணாடி. வெளிறிய செங்கல் தரை, நரைத்த மரம், மேலே மங்கிய சிவப்பும் பச்சையுமாய்ப் பூக்களும் இயேசுவின் பெயர்க்குறியும் தீட்டிய கூரை. அதன் நடுக்கோட்டில், உத்தரத்துக்கு உத்தரம், முதுகோடு முதுகு சேர்த்து இறக்கை விரித்த மரத் தேவதூதர்கள்.

கழுத்து வலிக்கிறது என்று அம்மா நீள்பலகையில் மல்லாந்து படுத்துவிட்டார். ஊரில் செய்திருந்தால் ஆலயப் பணியாளரான கோயில்குட்டியார் விரட்டியிருப்பார். இங்கே இருந்த முதிய தொண்டர் அம்மையார் சிரித்துக்கொண்டே ஒரு முழங்கால் திண்டைத் தலைக்கு எடுத்துக் கொடுத்தார். நானும் எதிர்ப்பலகையில் படுத்தேன்.

கலர்க் கண்ணாடி போனதற்குக் காரணம் என்று சொல்லப்படுபவர் வில்லியம் டவ்சிங். உருவங்களை ஒழிக்கப் பாராளுமன்றத்தின் அதிகாரத்துடன் கிராமம் கிராமமாகப் போனவர். 1644 ஏப்ரலில் இங்கு வந்தார். இருநூறுக்கும் மேற்பட்ட படங்களை எட்டு நாளில் நீக்கவும், இருபது கேரூபீன்களை, அதாவது தேவதூதர்களை, இறக்கவும் உத்தரவிட்டதை அவரே நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். அவ்வளவு உயரத்துக்குச் சாரம் கட்ட யார் செலவழிப்பது என்று ஊரார் நினைத்திருக்கலாம். தூதர்கள் இறங்கவில்லை.

அவர்களின் உடலில் ஈயக் குண்டுகள் பதிந்திருந்தன. உருவங்களை வெறுத்த பியூரிட்டன் பிரிவின் படைவீரர்கள் சுட்டது என்றுதான் நெடுங்காலம் பேசிக்கொண்டார்கள். ஆனால் அவை 18-ஆம் நூற்றாண்டுக் குண்டுகள். அந்தக் காலத்து ஆலயக் கணக்கேட்டில், உள்ளே கூடு கட்டிய ‘ஜாக்டா’ என்னும் குட்டிக் காகங்களைச் சுட மருந்துக்கும் குண்டுக்கும் பணம் கொடுத்த பதிவு இருக்கிறது. குறி தப்பியிருக்கிறது, அவ்வளவுதான். இதைச் சொன்னதும் அம்மா படுத்தபடியே குலுங்கிச் சிரித்தார்.

1880-களின் தொடக்கத்தில், இடிந்து விழும் என்று பயந்து ஆலயத்தை மூடிவிட்டார்கள். அதற்கு முன்பே மழைநாளில் குடை பிடித்துக்கொண்டுதான் ஆராதனை. செப்பனிடக் கிளம்பியவர்களோடு, பழையதைப் புதுசாக்கிக் கெடுக்காதீர்கள் என்று கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸின் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் மல்லுக்கு நின்றது. அந்தச் சண்டையைவிட ஊரின் வெறுங்கைதான் பெரிய காவல் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த நூற்றாண்டில் பணமிருந்த எத்தனையோ ஊர்களில் பழைய கூரையைக் கழற்றிவிட்டு மினுக்கும் ஓடும் வழவழப்பான புதுப் பலகையும் போட்டார்கள். இங்கே அதற்கு வழியில்லை. ஊர் ஏழையானதால் எனக்கு இந்தக் கூரை கிடைத்திருக்கிறது. நன்றி சொல்லவே கூச்சமாக இருந்தது.

பலகைகளின் ஓரச் சிற்பங்களில் பாவங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. சோம்பல் கட்டிலைவிட்டு எழவில்லை. பேராசை பணப்பெட்டியின்மேல் அமர்ந்திருக்கிறது. ஊர் பார்க்கட்டும் என்றே கைகூப்பியிருக்கிறது பாசாங்கு. அதன் பக்கத்தில் ஜெபிக்க உட்கார்ந்த நான் இடம் மாறிக்கொண்டேன்.

கவசம் அணிந்த மரப்பொம்மை ஒன்று உண்டு, 1682-ஆம் ஆண்டுக் கடிகார வீரன். ஆராதனை தொடங்கும்போது தலையை ஆட்டி மணியடிப்பானாம். நாங்கள் போனது வெறும் செவ்வாய்க்கிழமை என்பதால் அவன் அசையவில்லை. அம்மா எழுந்து, முக்காட்டைச் சரிசெய்து, யாருக்கும் கேட்காத குரலில் ஒரு பாட்டின் முதல் இரண்டு அடிகளைப் பாடினார். கண்ணாடியும் மரமும் அதை வாங்கி, சற்றுப் பெரிதாக்கித் திருப்பிக் கொடுத்தன. அவர் திடுக்கிட்டு நிறுத்திவிட்டார். பிறகு, இந்த முறை சத்தமாகவே, பாட்டை முடித்தார்.

வெளியே வந்தபோது ஆற்றில் நீர் ஏறத் தொடங்கியிருந்தது. கோபுர உச்சியில் குட்டிக் காகங்கள் கத்திக்கொண்டிருந்தன.