மடிக்கணினியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிய மூன்று நாட்கள்

என் மடிக்கணினி இயங்கத் தொடங்குவதற்கே ஏழு நிமிடங்களுக்கு மேல் எடுத்துக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டிருந்தது. உலாவியைத் திறந்தால் நான் அமைக்காத ஒரு முகப்புப் பக்கம் வந்து நின்றது. அதை நீக்கினாலும், அடுத்த முறை கணினியை இயக்கும்போது மீண்டும் அதுவே வந்தது. வைரஸ் தடுப்பு மென்பொருளைக் கொண்டு இருமுறை முழுச் சோதனை செய்தும் மாற்றம் இல்லாததால், எல்லாவற்றையும் துடைத்துவிட்டுக் கணினியைத் தொழிற்சாலை நிலைக்கே திருப்பிவிடுவது என்று முடிவு செய்தேன். அந்த ரீசெட் வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அதற்கு முன், என் கோப்புகள் எங்கெங்கே கிடக்கின்றன என்று தேடிக் கண்டுபிடிக்கவும், அவற்றைப் பத்திரமாக வெளியே எடுத்து வைக்கவும்தான் இரண்டு நாட்கள் பிடித்தன. ஆகவே அந்த இரண்டு நாட்களைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

தொடங்குவதற்கு முன் வட்டின் உடல்நிலையைப் பார்த்துக்கொண்டேன். வட்டுகள் தங்கள் நிலையைத் தாமே பதிவு செய்துவைக்கும் ஸ்மார்ட் என்னும் வசதியை, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் எளிதாகக் காட்டிவிடும். பழுதான பகுதிகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால், கணினி மெதுவாவதற்குக் காரணம் வட்டுதான் என்று பொருள். எத்தனை முறை ரீசெட் செய்தாலும் அது சரியாகாது, வட்டையே மாற்ற வேண்டும். என் வட்டு நலமாகவே இருந்தது.

பிறகு ஒரு தாளில் பட்டியல் எழுதத் தொடங்கினேன். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் ஆகிய நான்கும் எல்லோருக்கும் நினைவுக்கு வருபவை. ஆனால் நான் பல ஆண்டுகளாக வரவு செலவுக் கணக்கு எழுதிவந்த கோப்புறை, சி டிரைவின் மேல்தளத்தில் தனியாகக் கிடந்தது; ‘என் கோப்புகளை மட்டும் வைத்துக்கொள்’ என்னும் வழியைத் தேர்ந்தெடுத்திருந்தால்கூட, பயனர் கோப்புறைக்கு வெளியே இருந்த அது தப்பியிருக்கும் என்று நம்பியிருக்க முடியாது. மேகச் சேமிப்பில் இருந்த படங்கள் இன்னொரு பாடம் கற்பித்தன. கோப்புறையில் எல்லாப் பெயர்களும் தெரிந்தாலும், பலவற்றின் அருகே சிறிய மேகக் குறி இருந்தது. அதாவது பெயர் மட்டுமே என் கணினியில் இருக்கிறது, கோப்பு இணையத்தில் இருக்கிறது. அவற்றை ‘எப்போதும் இந்தக் கணினியில் வைத்திரு’ என்று குறித்து, முழுவதும் இறங்கி முடியும்வரை காத்திருந்த பிறகே நகல் எடுத்தேன். அதற்கே ஓர் இரவு முழுவதும் ஆயிற்று.

உலாவியின் விஷயத்தில் பலரும் தவறு செய்வதைப் பார்த்திருக்கிறேன். குரோம் உலாவியின் கோப்புறையை அப்படியே நகலெடுத்து வைத்தால் கடவுச்சொற்களும் திரும்பக் கிடைக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள்; ஆனால் அவை அந்தக் கணினியின் விண்டோஸ் கணக்கோடு பிணைத்துப் பூட்டப்பட்டவை என்பதால், புதிதாக நிறுவிய விண்டோஸில் திறக்காது. கூகுள் கணக்கில் உள்நுழைந்து ஒத்திசைத்துக்கொள்ள வேண்டும், அல்லது ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்துகொள்ள வேண்டும். ஃபயர்பாக்ஸில் நிலைமை வேறு. அதன் புரொஃபைல் கோப்புறையிலேயே பூட்டும் சாவியும் சேர்ந்திருப்பதால், கோப்புறையை நகலெடுத்தால் போதும். நான் குரோம் பயன்படுத்துபவன் என்பதால் ஏற்றுமதி செய்தேன். அப்படி எடுக்கும் கோப்பில் எல்லாக் கடவுச்சொற்களும் யாரும் படிக்கக்கூடிய வெறும் எழுத்துகளாகவே இருக்கும். ஆகவே வேலை முடிந்த அன்றே அதை அழித்துவிட்டேன். புத்தகக்குறிகளையும் தனிக்கோப்பாக எடுத்துக்கொண்டேன்.

தமிழில் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். யூனிகோடு பரவுவதற்கு முன் நான் எழுதிய கட்டுரைகள் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால், தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் வரிசைதான் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி அழித்துவிடவும் வாய்ப்புண்டு. ஆகையால் விண்டோஸின் ஃபான்ட்ஸ் கோப்புறையிலிருந்து நான் பின்னால் சேர்த்த எழுத்துருக்கள் அனைத்தையும் தனியே எடுத்து வைத்தேன். அந்தப் பழைய கட்டுரைகளை யூனிகோடுக்கு மாற்றும் வேலையையும் இப்போது தொடங்கியிருக்கிறேன்.

நகலெடுக்கும் வேலையில் இரண்டு இடங்களில் தடுக்கி நின்றேன். முதலில் கையிலிருந்த பென் டிரைவில் எடுக்கப் பார்த்தபோது, குடும்ப விழா ஒன்றின் காணொளி மட்டும் ஏறவில்லை. இடம் நிறைய இருந்தும், கோப்பு பெரியது என்ற செய்தியே வந்தது. அந்தப் பென் டிரைவ் ஃபேட்32 முறையில் அமைக்கப்பட்டிருந்தது. அம்முறையில் 4 ஜிபியை எட்டும் தனிக்கோப்பை வைக்க முடியாது. 1 டிபி கொள்ளளவுள்ள வெளி வட்டு ஒன்றை வாங்கி, என்டிஎஃப்எஸ் முறையில் அமைத்துக்கொண்டேன். அடுத்த தடை, கோப்புறைக்குள் கோப்புறையாக நான் நீட்டிக்கொண்டே போயிருந்த பெயர்களால் வந்தது. கோப்பு இருக்கும் இடத்தைக் குறிக்கும் முகவரியின் மொத்த நீளம் 260 எழுத்துகளைத் தாண்டும் கோப்புகளைச் சாதாரண நகலெடுப்பு விட்டுவிடுகிறது. ஆகவே இரண்டாவது நகலை விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி என்னும் கட்டளையைக் கொண்டு, என் பயனர் கோப்புறை முழுவதையும், செயலிகள் தங்கள் தரவை வைக்கும், மறைந்திருக்கும் ஆப்டேட்டா கோப்புறை உட்பட, அப்படியே எடுத்தேன். இக்கட்டளையைப் பயன்படுத்துவோர் இரண்டு செய்திகளை நினைவில் கொள்ள வேண்டும். ஒரு கோப்பு நகலாகவில்லை என்றால், அது இயல்பாகப் பத்து லட்சம் முறை, ஒவ்வொரு முறைக்கும் நடுவே 30 விநாடி காத்திருந்து, மறுபடி முயலும். அந்த எண்ணிக்கையைக் குறைத்துக் கொடுக்காவிட்டால் ஒரே கோப்பில் நின்றுவிடும். மற்றொன்று, ஆப்டேட்டாவுக்குள் வேறு கோப்புறையைச் சுட்டும் இணைப்புகள் உள்ளன. அவற்றைத் தவிர்க்கச் சொல்லாவிட்டால், உள்ளதையே திரும்பத் திரும்ப நகலெடுத்துக்கொண்டிருக்கும்.

நகல் முடிந்ததும் உடனே ரீசெட்டை அழுத்திவிடவில்லை. வெளி வட்டை என் தங்கையின் கணினியில் செருகி, ஒவ்வொரு கோப்புறையிலிருந்தும் சில கோப்புகளைத் திறந்து பார்த்தேன். கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் இரு பக்கமும் ஒப்பிட்டேன். படங்களின் கோப்புறையில் 14 கோப்புகள் குறைந்தன. தேடிப் பார்த்தபோது, எல்லாம் இறங்கிவிட்டன என்று நான் நினைத்திருந்தாலும், அவை இன்னும் இறங்கி முடியாத மேகக் கோப்புகள் என்று தெரிந்தது. இந்த ஒப்பீட்டைச் செய்யாமல் இருந்திருந்தால் அந்தப் படங்களைத் தேட வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றியிருக்காது. மிக முக்கியமான கோப்புகளின் மூன்றாவது நகலை, கணினியிலும் வெளி வட்டிலும் சேராத வேறோர் இடத்தில் வைத்தேன்.

அடுத்தது சாவிகள். என் கணினியின் வட்டு மறைக்குறியாக்கம் செய்யப்பட்டிருப்பதை, அதாவது விசையின்றிப் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருப்பதை, அன்றுதான் அறிந்தேன். அதன் மீட்பு விசை 48 இலக்கங்கள் கொண்டது. என் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிவாகியிருந்ததைத் தாளில் எழுதி, இருமுறை சரிபார்த்துக்கொண்டேன். விண்டோஸின் உரிமம் பற்றிக் கவலை வேண்டியிருக்கவில்லை. அது கணினியோடு பிணைந்திருப்பதால் தானாகவே மீண்டும் இயங்கத் தொடங்கும். வேறு மென்பொருள்களின் உரிம எண்களையும், இரட்டைச் சரிபார்ப்புக்கான மாற்றுக் குறியீடுகளையும் குறித்துக்கொண்டேன்.

தொழிற்சாலை நிலைக்குத் திரும்ப வழிகள் ஒன்றுக்கு மேல் உள்ளன. எச்பி கணினிகளில் எஃப்11, ஏசரில் ஆல்ட்டுடன் எஃப்10 என, இயங்கத் தொடங்கும்போதே அழுத்தினால் மீட்புப் பகுதிக்குப் போகும் வழி ஒன்று. அவ்வழியில் வாங்கிய நாளில் இருந்த பழைய பதிப்பே திரும்பக்கூடும் என்பதால், நான் விண்டோஸ் 11-இன் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி என்னும் வழியில் சென்று, ‘ரீசெட் திஸ் பிசி’யைத் தேர்ந்தெடுத்தேன். மின்னேற்றியைச் செருகியிருந்தேன்; வெளி வட்டைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன், ஏனெனில் ஒரு தவறான சொடுக்கு அதையும் துடைத்துவிடலாம்.

முதல் முயற்சியில் கணினியிலேயே இருக்கும் கோப்புகளைக் கொண்டு நிறுவுமாறு சொன்னேன். சிறிது தூரம் சென்றபின், சிக்கல் ஏற்பட்டுவிட்டது, எந்த மாற்றமும் செய்யப்படவில்லை என்ற அறிவிப்புடன் பழைய நிலைக்கே வந்து நின்றது. கோப்புகளே பழுதாகியிருக்கும்போது அவற்றைக் கொண்டு புதிதாகக் கட்ட முடியாது அல்லவா? ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து மீட்புத் திரைக்குச் சென்றேன். அங்கேதான் அந்த 48 இலக்க விசை கேட்கப்பட்டது. தாளைப் பார்த்து ஒவ்வோர் இலக்கமாக உள்ளிட்டபோது, அதை முன்பே எழுதி வைத்ததற்காக மிகவும் ஆறுதலடைந்தேன். வலைவடத்தை நேரடியாகச் செருகி, இணையத்திலிருந்து புதிதாக இறக்கி நிறுவும் வழியைத் தேர்ந்தெடுத்தேன். அதற்கு 4 ஜிபிக்கு மேல் இறங்கும். எல்லாவற்றையும் நீக்கு, ஆனால் விண்டோஸ் உள்ள டிரைவை மட்டும் என்று குறித்தேன். வட்டை ஆழமாகத் துடைக்கும் தேர்வு, கணினியைப் பிறருக்குக் கொடுப்பவர்களுக்கே தேவை. அதற்குப் பல மணி நேரம் ஆகும் என்பதால் விட்டுவிட்டேன்.

இம்முறை தடையின்றி முடிந்தது. விண்டோஸ் புதுப்பிப்புகளை எல்லாம் ஏற்றிய பிறகு, ஆவணங்களையும் படங்களையும் மட்டும் திரும்ப வைத்தேன். டவுன்லோட்ஸில் கிடந்த பழைய நிறுவல் கோப்புகளைத் திரும்பக் கொண்டுவரவில்லை, ஏனெனில் தொல்லை அவற்றில் ஒன்றின் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும் என்று கருதுகிறேன். கணினி இப்போது அரை நிமிடத்திற்குள் இயங்கத் தொடங்குகிறது.

மூன்றாம் நாள் மாலையில்தான், சிறு குறிப்புகள் எழுதும் செயலியான ஸ்டிக்கி நோட்ஸ் நினைவுக்கு வந்தது. அப்பாவின் மருந்து அளவுகளை மருத்துவர் எந்தெந்த நாளில் மாற்றினார் என்பதை அதில்தான் எழுதி வந்தேன். ஒத்திசைவை நான் இயக்கியிருக்கவில்லை. திறந்து பார்த்தால் வெறுமையாக இருந்தது. என் பட்டியலில் அது இல்லவே இல்லை. வெளி வட்டை எடுத்து, ரோபோகாப்பியால் முழுமையாக எடுத்த அந்த இரண்டாவது நகலில், ஆப்டேட்டாவுக்குள் லோக்கல், பேக்கேஜஸ் என்று ஒவ்வொன்றாக இறங்கிச் சென்றேன். ஸ்டிக்கி நோட்ஸுக்கு உரிய கோப்புறையில், பிளம் என்னும் பெயருடன் ஒரு சிறிய தரவுத்தளக் கோப்பு இருந்தது. செயலியை மூடிவிட்டு, அக்கோப்பையும் அதனுடன் இருந்த துணைக்கோப்புகளையும் ரீசெட் செய்த கணினியின் அதே இடத்தில் வைத்து, மீண்டும் திறந்தேன். மஞ்சள் நிறக் குறிப்புகள் ஒவ்வொன்றாக வந்தன. அப்பாவின் மருந்துக் குறிப்பு, கடைசியாக நான் எழுதிய தேதி வரை, அப்படியே இருந்தது.